குழந்தையின் காய்ச்சலும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

முப்பத்தேழு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். என் மேசைக்கு வந்து சேர்ந்த விடுமுறைக் கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே வாசகத்தைக் கொண்டவை: "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்..." அந்தக் காய்ச்சல் சில சமயம் உண்மை, சில சமயம் அடுத்த ஊர்த் தேர்த் திருவிழா. ஒரு மாணவன் தொடர்ந்து சில நாள் வராவிட்டால் அவன் வீட்டுக்கே சென்று பார்ப்பது என் வழக்கம். "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்பேன். "நாலஞ்சு நாளா விட்டு விட்டு அடிக்குதுங்க, ஐயா" என்பார் தாயார். "இல்லீங்க சார், ஒரு வாரமாச்சு" என்பார் தந்தையார். திண்ணையில் இருக்கும் பாட்டி மட்டும், "அமாவாசையன்னிக்கு விளக்கு வைக்கிற நேரத்துல ஆரம்பிச்சது" என்று சொல்வாள். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் பாட்டியின் கணக்கே சரியாக இருக்கும்.

குழந்தையின் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதற்கு நான் மருத்துவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு உடல்நலப் பாடம் உண்டு. அதற்குமேல் நான் கற்றதெல்லாம் மருத்துவர்களிடம் கேட்டும், என் வீட்டில் பட்டும் அறிந்தவை. நான் சொல்லப்போவது மருத்துவமன்று. மருத்துவரிடம் போவதற்கு முன்னும், போய்வந்த பின்னும், வீட்டார் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. அது கவனித்துக் குறித்து வைத்தல். அந்தப் பாட்டி செய்த வேலைதான்.

முதலில் காய்ச்சல் இன்னது என்று தெரிந்துகொள்வோம். காய்ச்சல் ஒரு நோயன்று. நோய் ஒன்று உள்ளே இருப்பதற்கு அறிகுறி. நம் மூளையின் அடிப்பகுதியில் உடலின் வெப்பத்தை ஒரே நிலையில் நிறுத்தும் ஓர் அமைப்பு இருக்கிறது. நோய்க்கிருமிகள் உடலில் புகுந்தவுடன், அவற்றை எதிர்க்கும் அணுக்கள் வெளியிடும் பொருள்களால் தூண்டப்பட்டு, அந்த அமைப்பு தன் அளவைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்கிறது. அந்த அளவை எட்டும்வரை உடல் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும்; கைகால்கள் சில்லிடும்; போர்வை கேட்கும். அளவு இறங்கும்போது வியர்வை கொட்டும். ஆகவே 'குளிர் காய்ச்சல்' என்று நாம் வேறாகப் பெயரிடுவது பெரும்பாலும் காய்ச்சல் ஏறும் நேரத்தின் தோற்றமேயாகும்.

உஷ்ணமானி வைத்துப் பார்க்கும் பழக்கம் மிகவும் பழையது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மருத்துவர்களிடையே பரவி நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கு முன்பிருந்த கருவி ஏறக்குறைய ஓர் அடி நீளம் இருந்தது. உடல் சூட்டைக் காட்ட இருபது நிமிடம் பிடித்தது. அழும் குழந்தையிடம் அது எப்படிச் செல்லுபடியாகும்? 1866-ஆம் ஆண்டில் ஆல்பட் என்னும் ஆங்கில மருத்துவர் ஆறு அங்குல நீளத்தில், ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும் கருவியைச் செய்தார். 1868-இல் ஜெர்மனியில் உண்டர்லிஹ் என்னும் பேராசிரியர், ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தைப் பல முறை அளந்து கண்ட முடிவுகளை நூலாக வெளியிட்டார். அவர் கண்ட பேருண்மை இது: ஒரு வேளை பார்த்த அளவு அதிகமாக ஒன்றும் சொல்வதில்லை, காலையும் மாலையும் விடாது குறித்து வந்தால், அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கமே நோயைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. இன்றும் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டை அங்கிருந்து வந்ததுதான்.

அந்த அட்டையை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என் வீட்டு நோட்டில் ஐந்து பத்திகள் உண்டு: நாளும் மணியும், உஷ்ணம், கொடுத்த மருந்தும் அளவும், உள்ளே சென்ற நீரும் ஆகாரமும், சிறுநீர். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, 'விளையாடினான்', 'வாந்தி ஒன்று', 'பால் மறுத்தான்' என்று ஒரு சொல் எழுதிக்கொள்வேன். வருகைப் பதிவேடு எழுதி எழுதிப் பழகிய கை. அதனால் என் பிள்ளைகள் இதைக் கண்டு சிரித்ததும் உண்டு.

உஷ்ணத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. சமையற்கட்டிலிருந்து வரும் தாயின் கை சூடாக இருக்கும். குழாயடியிலிருந்து வரும் கை குளிர்ந்திருக்கும். சிறு குழந்தைகளுக்கு வாயில் கருவியை வைத்தல் கூடாது. அக்குளில் வைத்துக் கையை உடலோடு சேர்த்து அணைத்துப் பிடிக்கவேண்டும். பாதரசக் கண்ணாடிக் குழாய் உடைந்தால் ஆபத்து. ஆதலால் ஒலி எழுப்பி எண் காட்டும் மின்கலக் கருவியே நன்று. அக்குளின் அளவு வாயின் அளவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். அங்கே 99½ டிகிரிக்கு மேல் காட்டினாலே நோட்டைத் திறந்துவிடலாம்.

ஆனால் ஒன்று. பிறந்து மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு 100.4 டிகிரி இருக்குமாயின் நோட்டும் வேண்டாம், கசாயமும் வேண்டாம். இரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அந்த வயதில் இரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும் வெளியே காய்ச்சலைத் தவிர வேறொன்றும் தெரியாமல் இருக்கலாம்.

இனி மருந்து. பாராசிட்டமால் என்னும் மருந்தை அறியாத வீடு இன்று இல்லை. அது நல்ல மருந்து; ஆனால் அதன் அளவை வயதைக் கொண்டு குத்துமதிப்பாகத் தீர்மானிப்பதில் பிழை நேர்கிறது. குழந்தையின் எடையே அளவு. ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று ஒரு வேளைக்குக் கணக்கிடுவர். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு 180 மில்லிகிராம். இதுவரை கணக்கு எளிது. சிக்கல் குப்பியில் இருக்கிறது. கடையில் விற்கும் திரவ மருந்து ஒரே வகை அன்று. ஒன்றில் 5 மில்லி லிட்டருக்கு 120 மில்லிகிராம் இருக்கும். மற்றொன்றில் அதே 5 மில்லி லிட்டருக்கு 250 இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லி லிட்டரிலேயே 100 இருக்கும். நம் பன்னிரண்டு கிலோக் குழந்தைக்கு முதற் குப்பியில் ஏழரை மில்லி லிட்டர். இரண்டாவதில் மூன்றரைக்குச் சற்று மேல். சொட்டு மருந்தில் இரண்டுக்கும் குறைவு. சென்ற முறை ஏழரை கொடுத்தோமே என்று குப்பி மாறியதை அறியாமல் இம்முறையும் ஏழரை கொடுத்தால், குழந்தை இருமடங்குக்கு மேல் விழுங்கிவிடும். அது கல்லீரலைத் தாக்கக்கூடிய மருந்து. நான்காம் வகுப்புக் கணக்குத்தான். தப்பாகப் போட்டால் மதிப்பெண்ணோடு போவதில்லை. ஆகவே உங்கள் குழந்தையின் அளவை மருத்துவரிடம் கேட்டு, எந்தக் குப்பிக்கு அந்த அளவு என்பதையும் சேர்த்து நோட்டின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நான்கு மணி நேரமாவது, கூடியவரை ஆறு மணி நேரம், இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேற்படக் கூடாது. சளி மருந்துகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. தாய் கொடுத்தது பாட்டிக்குத் தெரியாமல் மீண்டும் கொடுக்கும் வீடுகளும் உண்டு. நோட்டின் மூன்றாம் பத்தி அதற்காகத்தான். அளப்பதற்கு மருந்தோடு வரும் மூடியையே பயன்படுத்த வேண்டும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இரா.

மருந்து எதற்காகக் கொடுக்கிறோம் என்பதும் மறந்துவிடுகிறது. எண்ணைக் குறைப்பதற்கன்று; குழந்தையின் துன்பத்தைக் குறைப்பதற்கே. 101 டிகிரியிலும் தரையில் அமர்ந்து பொம்மை வண்டியை உருட்டும் குழந்தையை எழுப்பி மருந்து புகட்டவேண்டியதில்லை. 100 டிகிரியே ஆனாலும் துவண்டு, கண் திறவாமல் கிடக்கும் குழந்தையைக் கண்டு சும்மா இருக்கவும் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. ரை என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர் 1963-இல் விவரித்த, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோய்க்கும் ஆஸ்பிரினுக்கும் தொடர்பு உண்டெனப் பின்னர்த் தெரியவந்தது. நிமசுலைடு என்னும் மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு நம் அரசு 2011-இல் தடைசெய்தது. சென்ற காய்ச்சலில் மிஞ்சிய கிருமிக்கொல்லி மருந்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் கேடு. அரைகுறையாகக் கொடுத்த மருந்து, நோயைத் தீர்க்காமல் சோதனையில் தெரியாதபடி மறைத்துவிடக்கூடும்.

கம்பளியால் சுற்றுவது, சன்னல்களை அடைப்பது, ஐஸ் நீரால் துடைப்பது ஆகியவற்றை விட்டுவிடலாம். மெல்லிய பருத்திச் சட்டையும் காற்றோட்டமுள்ள அறையும் போதும். 'லங்கணம் பரம ஔஷதம்' என்பார்கள். வயிறு புடைக்க உண்ட பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். காய்ச்சலில் குழந்தையின் உடல் வழக்கத்தைவிட அதிகமாகச் செலவழிக்கிறது. வியர்வையிலும் மூச்சிலும் நீர் போய்க்கொண்டிருக்கிறது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, இளநீர், மோர், ரசஞ்சாதம் எதுவாயினும் குழந்தை விரும்புவதைச் சிறிது சிறிதாகப் பல முறை கொடுக்கலாம். 2012-இல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசே நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. அதைக் கொடுக்க விரும்புவோருடன் எனக்கு வழக்கில்லை. கொடுத்தாயிற்று என்று கவனிப்பதை நிறுத்திவிடுவோருடன்தான் வழக்கு.

1991-இல் என் மகளுக்கு இரண்டு வயது. மாலையில் உடம்பு சுட்டது. அரை மணிக்குள் கண்கள் மேலே செருக, கைகால்கள் வெட்டி இழுத்தன. அண்டை வீட்டார் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். நான் படித்தவன் அல்லவா? நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று அஞ்சிக் கரண்டிக் காம்பைப் பற்களின் இடையே செலுத்தினேன். வலிப்பு இரண்டு நிமிடத்தில் தானே நின்றது. அவள் உதட்டிலிருந்து வழிந்த இரத்தம் வலிப்பால் வந்ததன்று. என் கரண்டியால் வந்தது. மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டது இன்றும் காதில் ஒலிக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இத்தகைய காய்ச்சல் வலிப்பு வரக்கூடும் என்றும், பெரும்பாலும் பின்விளைவின்றி அடங்கிவிடும் என்றும் அவர் சொன்னார். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் உடனே 108-ஐ அழைக்கவேண்டும். நின்றுவிட்டாலும் முதல் முறையாயின் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கடிகாரம் வேறொன்றுக்கும் உதவும். குழந்தை அமைதியாக இருக்கையில் அதன் வயிறும் மார்பும் எத்தனை முறை எழுகின்றன என்று ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50-ம், ஒன்று முதல் ஐந்தாண்டு வரை 40-ம் அதற்கு மேலும் ஆனால், அல்லது மூச்சு இழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி உட்குழிந்தால், நுரையீரலில் அழற்சி இருக்கலாம், அன்றே காட்டவேண்டும்.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், குழந்தை நன்றாகவே தோன்றினாலும் மருத்துவரிடம் செல்லவேண்டும். சாதாரண வைரஸ் காய்ச்சல்கள் பல அதற்குள் தணியத் தொடங்கும். தணியாதவற்றுக்குக் காரணங்கள் பல. கைக்குழந்தைகளிடம் சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர்ந்திருக்கலாம். சளி, இருமல் ஒன்றுமில்லாமல் காய்ச்சல் மட்டும் இருப்பதே அதன் வேடம். டைபாய்டில் காய்ச்சல் படிப்படியாக ஏறி வாரம் முழுவதும் நிற்கும். நம் கிராமப்புறங்களில் உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. புதரிலும் புல்லிலும் வாழும் மிகச் சிறிய பூச்சியின் கடியால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கரிய பொருக்கு இருக்கும். வலிக்காது, ஆகவே குழந்தை சொல்லாது. அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் என்று குளிப்பாட்டும் தாய்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டு சொன்னால் அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. ஐந்து நாளாகக் காய்ச்சல் நிற்காமல், கண்கள் சிவந்து, உதடு வெடித்து, உடலில் தடிப்பும் தோன்றினால் அது வேறு நோயாகவும் இருக்கலாம். அதை ஜப்பானிய மருத்துவர் கவாசாகி 1967-இல் விவரித்தார். இதயத்தின் இரத்தக் குழாய்களைத் தாக்கும் அந்த நோய்க்குப் பத்து நாளுக்குள் மருத்துவம் தொடங்குவது நல்லது. பாருங்கள், எல்லாவற்றிலும் மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி, "இன்று எத்தனையாவது நாள்?" என்பதுதான்.

நாளை எண்ணுவதில் நானே தவறிய கதையைச் சொல்லவேண்டும். 2022 அக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை மாலை, நான்கு வயதான என் பேத்திக்குக் காய்ச்சல் கண்டது. கரண்டியால் உதடு கிழிந்தாளே, அந்த மகளின் மகள். நோட்டைத் திறந்தேன். வியாழக்கிழமை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தத்தைச் சோதித்தார், டெங்கு என்று தெரிந்தது. தட்டணுக்கள் அன்று குறையவில்லை. "வீட்டில் வைத்துப் பாருங்கள், நீர் நிறையக் கொடுங்கள், சனிக்கிழமை மறுபடி இரத்தம் பார்க்கவேண்டும்" என்றார். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவை அபாயக் குறிகள் என்றும் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை, ஐந்தாம் நாள், உஷ்ணமானி 98.4 காட்டியது. திங்கட்கிழமை தீபாவளி. வீட்டில் அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நோட்டில் 98.4 என்று எழுதி, வருகைப் பதிவேட்டை மாத முடிவில் மூடுவதுபோல் அதன்கீழ் இரண்டு கோடு கிழித்தேன். "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, மறுபடியும் எதற்குக் குழந்தையை ஊசியால் குத்தவேண்டும்?" என்றும் சொன்னேன். என் மனைவிக்கும் அது நியாயமாகப் பட்டது.

டெங்குவின் பொல்லாத தன்மை அங்கேதான் இருக்கிறது. காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான், மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்குகிறது. இரத்தம் குறுகிக் கெட்டியாகிறது. ஒரு நாள் அல்லது இரண்டு நாள் நீடிக்கும் அந்தக் கட்டத்தைக் கடக்கும்வரை, காய்ச்சல் நீங்கியது நோய் நீங்கியதாகாது. மருத்துவர் சனிக்கிழமை என்று குறித்துச் சொன்னது அதனால்தான். அதை நான் காதால் கேட்டேன், கருத்தில் வாங்கவில்லை.

பதினொரு மணி இருக்கும். என் மகள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். நான் பார்த்தது இரண்டாம் பத்தியை. அவள் பார்த்தது ஐந்தாம் பத்தியை. "அப்பா, நேற்று இரவு ஒன்பது மணிக்குச் சிறுநீர் கழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் ஒன்றும் இல்லையே" என்றாள். எழுத மறந்தேனா என்று யோசித்தேன், மறக்கவில்லை. ஓரத்தில் 'வாந்தி' என்று என் கையெழுத்திலேயே மூன்று இடத்தில் இருந்தது. குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தோம், சில்லென்றிருந்தது. வயிற்றைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டாள்.

அரை மணியில் அரசு மருத்துவமனையில் இருந்தோம். இரத்தம் கெட்டிப்பட்டிருந்தது; தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. பணியிலிருந்த இளம் மருத்துவர், "காய்ச்சல் என்று தொடங்கியது? கடைசியாகச் சிறுநீர் எப்போது?" என்று கேட்டார். என் மகள் நோட்டை நீட்டினாள். அவர் அதை ஒரு நிமிடம் படித்துவிட்டு, நரம்பு வழியே நீர் ஏற்ற ஏற்பாடு செய்தார். மணிக்கு மணி அளவு மாற்றி மாற்றி அதை ஏற்றினார்கள். குறைந்தாலும் ஆபத்து, மிகுந்தாலும் ஆபத்து. நான் கிழித்த இரண்டு கோடுகளுக்குக் கீழே, உள்ளே சென்ற நீரையும் வெளியே வந்த நீரையும் தொடர்ந்து எழுதி வரும்படி செவிலியர் என்னிடம் சொன்னார். இரண்டு இரவு எழுதினேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், வெளியே வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கையில் எழுதிய வரி இது: '24, திங்கள், காலை 5.40. உஷ்ணம் 98.2. சிறுநீர் நன்றாகப் போயிற்று. இட்லி கேட்டாள்.'